தடுப்பூசிக்குப் பிறகு நாய் சோர்ந்துபோனால்

கேள்வி:

எங்கள் வீட்டுப் பொமரேனியன் மல்லிக்கு நான்கு வயது. எடை ஏழு கிலோ. இரண்டு வாரங்களுக்கு முன்பு, ஆண்டுதோறும் போடுவதைப்போல வெறிநோய்த் தடுப்பூசியும் 'நைன் இன் ஒன்' ஊசியும் ஒரே மாலையில் போட்டு அழைத்து வந்தோம். இரவு பத்து மணிக்குள் அவள் சோற்றைத் தொடாமல் மூலையில் சுருண்டுகொண்டாள், உடம்பு நடுங்கியது. மறுநாள் தூக்கியபோது வீறிட்டாள். பிடரியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தென்பட்டது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று பாராசிட்டமால் மாத்திரையில் கால் பங்கு கொடுத்தேன். மூன்றாம் நாள் பழையபடி ஓடத் தொடங்கிவிட்டாள். கட்டி மட்டும் சிறுத்து இன்னும் இருக்கிறது. எதிர் வீட்டு அல்சேஷனுக்கும் இதே அளவு மருந்தைத்தான் போட்டார்கள். மல்லிக்கு அளவு கூடிவிட்டதா, அல்லது மருந்து கெட்டுப்போயிருந்ததா? அந்தக் காலத்தில் நாய்க்கடி ஊசி போட்டுக் கை கால் விழுந்தவர்களை என் மாமியார் பார்த்திருக்கிறாராம். இனி மல்லிக்கு ஊசியே வேண்டாம் என்கிறார். சென்ற ஆண்டு ஊசி போட்ட அன்றும் அவளுக்குக் கண்ணிமையும் வாயோரமும் கொஞ்சம் வீங்கிக் காலையில் வடிந்துவிட்டன. எறும்பு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டோம். அடுத்த ஆண்டு ஊசி போடலாமா?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மல்லி இந்த ஆண்டு பட்ட பாட்டை விரிவாக எழுதியிருக்கிறீர்கள்; சென்ற ஆண்டு நடந்ததை இரண்டே வரிகளில் முடித்துவிட்டீர்கள். கால்நடை மருத்துவராக என் கவனம் முதலில் சென்றது அந்த வரிகளின் மீதுதான். இந்த ஆண்டு வந்த சோர்வும் நடுக்கமும் தடுப்பூசிக்குப் பின் வரலாம் என்று நாங்கள் எதிர்பார்ப்பவை. சென்ற ஆண்டு வந்த முகவீக்கமோ, ஒவ்வாமையாக இருந்திருக்கலாம் என்று கருதி, அடுத்த ஊசிக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டிய ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் உங்கள் கடைசிக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும்.

தடுப்பூசி மருந்து உடலுக்குள் சென்றதும் நோயெதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியப் பொருளாக இனங்கண்டு, மற்ற அணுக்களை அழைக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றின் தாக்கம் மூளையை எட்டும்போது உடல் வெப்பம் சற்றுக் கூடுகிறது, பசி மந்தமாகிறது, அசையாமல் படுத்திருக்கத் தோன்றுகிறது. கைக்குழந்தைக்கு ஊசி போட்ட இரவில் உடம்பு சுடுவதும் இதனால்தான். இத்தகைய சோர்வு ஊசி போட்ட சில மணி நேரத்தில் தொடங்கி, பெரும்பாலான நாய்களுக்கு ஒரு நாளிலும், சிலவற்றுக்கு இரண்டு நாள்களிலும் விலகிவிடும். மாலையில் ஊசி, இரவில் சோர்வு, மறுநாள் வலி, மூன்றாம் நாள் ஓட்டம் என்ற மல்லியின் கணக்கு இதனோடு அப்படியே பொருந்துகிறது. தூக்கியபோது அவள் வீறிட்டதற்கும் ஊசி இறங்கிய இடத்தின் வலியே காரணமாக இருக்க வேண்டும்; முன்னங்கால்களுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கும்போது பிடரித் தோல் இழுபடும்.

இப்படியொரு இரவில் வீட்டில் செய்யக்கூடியது அதிகமில்லை. காற்றோட்டமான இடத்தில் படுக்கவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தை எட்டும் தூரத்தில் வையுங்கள். ஒரு வேளை சாப்பிடாவிட்டால் வற்புறுத்தி ஊட்ட வேண்டாம்; காலையில் கொஞ்சம் தயிர்சாதமோ வேகவைத்த கோழியோ கொடுத்துப் பாருங்கள். முழுதாகத் தேறும்வரை குளிப்பாட்ட வேண்டாம். கட்டியின் மேல் ஈரத்துணியைச் சில நிமிடங்கள் வைக்கலாம். ஆனால் நம் வீடுகளில் வீக்கத்துக்குப் போடும் மஞ்சள் சுண்ணாம்புப் பற்றை நாய்க்குப் போடக் கூடாது. சுண்ணாம்பு தோலை வேகவைத்துவிடும்; நாய் அதை நக்கினால் நாக்கும் புண்ணாகும்.

உள்ளபடியே செய்ய வேண்டியது கவனித்துக் குறித்து வைப்பதுதான். மூக்கைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை மல்லிக்கென்றே தனியாக வாங்கி வையுங்கள். ஒருவர் தலையை அணைத்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வெப்பமானியின் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, வாலை மெல்லத் தூக்கி, ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் செலுத்தி, ஒலி வரும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். நாய்களின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதருக்குக் காய்ச்சலாகத் தெரியும் 101.5 நாய்க்குச் சாதாரண வெப்பம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஊசிக்குப் பின் 103 வரை போய்த் தானாக இறங்குவது உண்டு. 104ஐத் தொட்டாலோ, இரண்டாம் நாளும் இறங்காவிட்டாலோ மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

அடுத்தது ஈறு. மேலுதட்டைத் தூக்கி, ஈறு நல்ல இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிகளுக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சில நாய்களுக்கு ஈறு இயல்பாகவே கறுத்திருக்கும். அப்படியிருந்தால் கீழிமையை மெல்ல இழுத்து அதன் உட்பக்க நிறத்தைப் பாருங்கள். மல்லி நன்றாக இருக்கும் இப்போதே ஒருமுறை இவற்றைப் பார்த்துப் பழகிக்கொண்டால்தான், உடம்பு சரியில்லாத இரவில் என்ன மாறியிருக்கிறது என்பது உங்களுக்குப் புலப்படும்.

இனி, சென்ற ஆண்டு வீக்கத்துக்கு வருகிறேன். ஊசி போட்ட அதே நாளில் கண்ணிமை, வாயோரம், மூக்குப் பகுதி வீங்குவதும், உடலில் தடிப்புகள் எழும்புவதும், முகத்தை நாய் தரையில் தேய்ப்பதும் தடுப்பூசி ஒவ்வாமையின் பழகிய அடையாளங்கள். எறும்போ குளவியோ கடித்தாலும் இதே போன்ற வீக்கம் வரும் என்பதால், ஓராண்டு கழித்து ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இது இன்னதுதான் என்று என்னால் அறுதியிட முடியாது. இந்த ஆண்டு அதே ஊசிக்குப் பின் முகம் வீங்கவில்லை என்பது ஆறுதலான செய்தி. ஆயினும் ஊசி போட்ட அன்றே வீக்கம் வந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒவ்வாமை உள்ள ஒரு நாய்க்கு ஒரு முறை லேசாக வந்தது, அடுத்த முறையும் லேசாகவே வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

இந்த ஒவ்வாமை பெரும்பாலும் நோய்க்கிருமிப் பகுதியால் வருவதல்ல. கிருமியை வளர்க்கப் பயன்படும் கன்றின் சீரப் புரதம், மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் ஜெலட்டின் போன்றவை மிகச் சிறிய அளவில் மருந்தோடு வந்துவிடுகின்றன; சில நாய்களின் உடல் அவற்றுக்கு எதிராகவே கிளர்ந்தெழுகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தச் சேர்மானம் மாறுபடும் என்பதால், வேறு தயாரிப்புக்கு மாறுவது சில நாய்களுக்கு உதவும்.

கடுமையான ஒவ்வாமை ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், சில வேளை இன்னும் சற்றுத் தாமதமாக, வெளிப்படும். முகம் வீங்கிய பிறகுதான் ஆபத்து வரும் என்று காத்திருக்கக் கூடாது. நாய்க்கு இந்த அதிர்ச்சியில் முதலில் அடிபடுபவை கல்லீரலும் குடலும் என்பதால், எந்த வீக்கமும் இல்லாமல் திடீர் வாந்தி, பேதி, தள்ளாட்டம் என்றே அது தொடங்கலாம். ஈறு வெளுப்பது, மூச்சு வாங்குவது, கால் துவண்டு விழுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் நொடியும் தாமதிக்காமல், இரவு பகல் பாராமல், ஊசி போட்ட இடத்துக்கோ அருகில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைக்கோ கொண்டுசெல்ல வேண்டும். உரிய நேரத்தில் அட்ரீனலினும் சலைனும் ஏற்றினால் இவற்றில் பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்கின்றன. வீட்டிலிருக்கும் ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம் என்று கழிக்கும் நேரம்தான் உயிருக்கு உலை வைக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்டு மூன்று நான்கு நாள்கள் கழித்து ஒரு நாய் முதன்முதலாகச் சோர்ந்தால், அல்லது முதல் நாள் சோர்வு நான்காம் நாளும் நீடித்தால், ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் மிகச் சாதாரணம். ஊசிக்கு முன்பே உண்ணிக் கடியால் உடலில் புகுந்துவிட்ட எர்லிக்கியா, பபேசியா போன்ற கிருமிகள் அப்போதுதான் தலைகாட்டியிருக்கலாம். குட்டிகளிடம் இது இன்னும் முக்கியம். பார்வோ வைரஸ் உடலில் புகுந்து நோயாக வெளிப்பட மூன்று முதல் ஏழு நாள்கள் வரை ஆகும் என்பதால், ஊசி போட்ட நான்காம் நாள் குட்டி இரத்தமாகப் பேதியானால், ஊசிக்கு முன்போ பின்போ அது வெளியிலிருந்து தொற்றை வாங்கியிருக்கிறது என்றே முதலில் கருத வேண்டும். 'ஊசி சூடு, தானே சரியாகும்' என்று வீட்டிலேயே வைத்திருந்து, நீர்வற்றிய நிலையில் கொண்டுவரப்படும் குட்டிகளைப் பார்ப்பது எங்கள் தொழிலின் பெரிய வேதனை. அதனால்தான் என்ன அறிகுறி என்பதோடு அது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

மாத்திரை விஷயம். ஏழு கிலோ நாய்க்கு 500 மில்லிகிராம் பாராசிட்டமாலில் கால் பங்கு நஞ்சாகும் அளவு அல்ல. மல்லியும் நலமாக இருக்கிறாள் என்பதால் அதை நினைத்து இனி வருந்த வேண்டாம். ஆனால் மறுபடி செய்யாதீர்கள். அளவு மிஞ்சினால் பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும். அதைவிட முக்கியமாக, நம் வீடுகளில் கிடக்கும் காய்ச்சல் மாத்திரைகளில் சில இபுபுரூஃபன் கலந்தவை. இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். பூனை வளர்ப்பவர்கள் இதைப் படித்தால், பாராசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடக் கூடியது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். வலி தாங்காமல் நாய் தவித்தால் நாய்களுக்கென்றே உள்ள வலிநிவாரணி இருக்கிறது. அதையும் மருத்துவர் சொல்லியே கொடுக்க வேண்டும்.

எதிர் வீட்டு அல்சேஷனுக்கும் மல்லிக்கும் ஒரே அளவு போட்டதில் தவறில்லை. காய்ச்சல் மருந்தையோ பூச்சி மருந்தையோ எடைக்கேற்ப அளந்து கொடுக்கிறோம். தடுப்பூசியின் வேலை வேறு. நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தட்டி எழுப்பக் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டே குப்பியில் அடைக்கிறார்கள். சிறிய நாய்க்குப் பாதி போதும் என்று பிரித்துப் போட்டால், ஊசி போட்ட நிம்மதி உங்களுக்கு இருக்கும், பாதுகாப்பு நாய்க்கு இல்லாமல் போகலாம். அதேவேளையில், சிறிய நாய்களிடம்தான் எதிர்விளைவுகள் அதிகம் என்ற உங்கள் ஐயத்திலும் உண்மை இருக்கிறது. 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை வைத்து அமெரிக்காவில் 2005இல் வெளிவந்த ஆய்வு, ஊசி போட்ட மூன்று நாள்களுக்குள் பதிவான எதிர்விளைவுகள் 10,000 நாய்களுக்கு ஏறத்தாழ 38 என்று கண்டது. ஒரே வருகையில் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு ஊசிக்கும் அந்த வாய்ப்பு, பத்துக் கிலோவுக்கு உட்பட்ட நாய்களில் 27 சதவீதமும், பெரிய நாய்களில் 12 சதவீதமும் கூடுவதையும் அது காட்டியது. மல்லி ஏழு கிலோ. ஆகவே அவளுக்கு மாற்ற வேண்டியது மருந்தின் அளவையல்ல, ஒரே மாலையில் இரண்டு ஊசி என்ற வழக்கத்தைத்தான்.

மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்ற அச்சத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். மின்வெட்டில் சூடேறினாலோ உறைந்துபோனாலோ அவை வீரியம் இழக்கும். வீரியம் இழந்த ஊசி பெரும்பாலும் பயனற்றுப்போகுமே தவிர, இப்படிக் காய்ச்சலையும் கட்டியையும் கொண்டுவருவது அரிது. மல்லியின் தடுப்பூசி அட்டையில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டுகளில் தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். அவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, நடந்ததை ஊசி போட்ட மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் நிறுவனத்துக்குத் தெரிவிக்க அந்த எண் தேவைப்படும்.

உங்கள் மாமியார் சொல்வதைத் தயவுசெய்து கதை என்று ஒதுக்க வேண்டாம். நாய் கடித்தவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் ஒன்று இருந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உள்ளிட்ட இடங்களில் ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட அந்த மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால் அதிலிருந்த நரம்புத் திசுவே சிலருக்குப் பக்கவாதம் போன்ற பாதிப்பை உண்டாக்கியது. இந்தியா அதன் தயாரிப்பை 2004-05 காலத்தில் நிறுத்திவிட்டது. இன்று மல்லிக்குப் போடுவது ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களில் பெருக்கி, முழுதும் செயலிழக்கச் செய்த வைரஸ். அதில் மூளைத் திசு கிடையாது, அதனால் வெறிநோய் வரவும் வழியில்லை. அவர் பார்த்தது உண்மை, அது வேறு மருந்து என்று பொறுமையாக எடுத்துச் சொன்னால் அவர் ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன்.

அடுத்த ஆண்டு ஊசி போடலாமா என்று கேட்கிறீர்கள். போட வேண்டும், ஆனால் போடும் முறையை மாற்ற வேண்டும். வெறிநோய் ஊசியை விட்டுவிடும் பேச்சுக்கே இடமில்லை. அறிகுறி தென்பட்ட பின் நாயையும் காப்பாற்ற முடியாது, அது கடித்த மனிதருக்கு நோய் முற்றினால் அவரையும் காப்பாற்ற முடியாது. தெருநாய்கள் மிகுந்த நம் ஊரில், கேட்டுக்கு வெளியே ஒரு நிமிடம் போய்வரும் வீட்டு நாய்க்கும் இந்தப் பாதுகாப்பு தேவை. ஆகவே முதல் வருகையில் வெறிநோய் ஊசியை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

'நைன் இன் ஒன்' பற்றித்தான் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதற்குள் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய், பார்வோ, அடினோவைரஸ் கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான பகுதியும், எலிக்காய்ச்சலுக்கான பகுதியும், இன்னும் சிலவும் இருக்கின்றன. முதல் மூன்றுக்கும், குட்டிப் பருவ ஊசிகளும் அவற்றை அடுத்த ஊக்க ஊசியும் முறையாக முடிந்த நாய்க்கு, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்பது உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல். ஐயமிருந்தால் இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்த்து முடிவெடுக்கலாம். எலிக்காய்ச்சலுக்கு இந்த விதி பொருந்தாது. அதன் பாதுகாப்பு ஓராண்டு அளவில் தேய்ந்துவிடும். வயலும் வாய்க்காலும் ஐப்பசி மழைத் தண்ணீரும் எலியும் உள்ள தஞ்சைப் பகுதியில், மனிதருக்கும் தொற்றக்கூடிய அந்த நோய்க்கான ஊசியை விடக் கூடாது என்பதே என் கருத்து. எலிக்காய்ச்சலுக்குத் தனி ஊசி கிடைத்தால் அதை மட்டும், வெறிநோய் ஊசிக்கு மூன்று நான்கு வாரங்கள் கழித்துப் போடுங்கள். அப்படிப் பிரித்தால், எதிர்விளைவு ஏதாவது வந்தாலும் எந்த ஊசியால் வந்தது என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும்.

மாலை நேரத்தைத் தவிர்த்து, வேலை நாள் ஒன்றின் காலையில் அழைத்துச் செல்லுங்கள். சோர்வோ வீக்கமோ வந்தால் மருத்துவர் கைக்கெட்டும் நேரத்தில் வரட்டும். சென்ற ஆண்டு முகவீக்கத்தை ஊசி போடுவதற்கு முன்பே சொல்லி, மல்லியின் அட்டையில் சிவப்பு மையில் எழுதித் தரச் சொல்லுங்கள். முன்கூட்டியே ஒவ்வாமைத் தடுப்பு மருந்து கொடுப்பதா, வேறு நிறுவன ஊசிக்கு மாறுவதா என்பதை அவர் தீர்மானிப்பார். ஊசி போட்டதும் உடனே வண்டியில் ஏற்றிவிடாமல் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். காய்ச்சல், பேதி, உண்ணித் தொல்லை ஏதேனும் இருந்தால் அன்று ஊசியைத் தள்ளிப்போடுவதே நல்லது. உங்கள் மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கும், உங்கள் பகுதிப் பன்முகக் கால்நடை மருத்துவமனையிலும், எந்த நேரம் வரை அவசர நோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்பதை ஊசி நாளுக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சியிருப்பது அந்தக் கட்டி. வெறிநோய் ஊசியில், மருந்து ஒரே இடத்தில் தங்கி மெல்ல வேலை செய்வதற்காகப் பொதுவாக அலுமினிய உப்பு சேர்க்கப்பட்டிருக்கும். அந்த இடம் தடித்து, சில வாரங்களில் கரையும். இரண்டு வாரங்களில் சிறுத்திருப்பதால் மல்லியின் கட்டியும் அந்த வகைதான் என்று கருத இடமிருக்கிறது. அழுத்தித் தேய்க்காமல், வாரம் ஒருமுறை அளவுகோலை வைத்து அளந்து தேதியோடு குறித்து வாருங்கள். ஊசி போட்டு ஒரு மாதம் கழிந்த பின்னும் வளர்ந்தாலோ, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, மூன்று மாதமாகியும் கரையாவிட்டாலோ, ஊசியால் சிறிது திசுவை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சூடாகிச் சீழ் கட்டுவதுபோலத் தெரிந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், அன்றே காட்டிவிடுங்கள்.